எண்ணிக்கொண்டு நிற்பது

நன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும் ஓர் இதயத்தை வேண்டுமென்றே தடம்புரள வைக்கும் பொத்தானை முதன்முதலாக அழுத்தியபோது எனக்கு வயது 26. "அழுத்து" என்றார் மாஸ்டர். அழுத்தினேன். திரையில் சீராக ஓடிக்கொண்டிருந்த ஈசிஜி கோடு குழந்தை கிறுக்கியதுபோல ஆனது. ரத்த அழுத்தக் கோடு சரிந்து அடியில் படுத்துக்கொண்டது. என் கை தானாகவே ஷாக் பொத்தானை நோக்கிப் போனது. மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கைய எடு. எண்ணு."

அவரே எண்ணவும் தொடங்கினார். ஒன்னு, ரெண்டு, மூனு. குரலில் அவசரமே இல்லை. ஒன்பது என்று சொல்லி முடிப்பதற்குள், மயக்கத்தில் படுத்திருந்தவரின் தோள் ஒருமுறை துள்ளி அடங்கியது. கோடு கொஞ்ச நேரம் வெறுமையாக ஓடியது. பிறகு ஒரு துடிப்பு வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. ரத்த அழுத்தம் மெல்ல ஏறியது. அப்போதுதான் அவர் என் மணிக்கட்டை விட்டார்.

நான் மருத்துவன் இல்லை. ஜோகூர் பாருவில், அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் ஐசிடி கருவியைப் பொருத்தும் நாள்களில், கேத்லேப்பில் டாக்டருக்குப் பக்கவாட்டில் புரோகிராமர் பெட்டியோடு நிற்கிறவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதுதான் என் தொழில். தெப்ராவ் நீரிணையைப் பார்த்து நிற்கும் சுல்தானா அமினா மருத்துவமனைப் பக்கமாகக் காலையில் காரில் போகும்போதெல்லாம், இந்த மாநிலத்தில் எத்தனை பேர் நெஞ்சுக்குள் இந்தப் பெட்டியோடு நடமாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சிகாமட்டிலிருந்து, குளுவாங்கிலிருந்து, மூவாரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்கள் அவர்கள். இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, கைக்கு வந்ததைச் சொல்கிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி. எடை 70, 80 கிராம். அதிலிருந்து லீட் என்னும் கம்பி ஒன்று ரத்தக்குழாய் வழியாக இறங்கி, வலது கீழறையின் முனையில் குத்தி நிற்கும். லீட்டின் உடம்பில் ஷாக் பாயும் சுருள் இருக்கும். கீழறை வெறும் நடுக்கமாகிவிடும் வி.எஃப். வந்தால், பெட்டி அதைக் கண்டுகொள்ள வேண்டும், சில நொடிகளில் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொள்ள வேண்டும், அதிர்ச்சி கொடுத்துச் சீராக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் அதிகபட்சம் 35 முதல் 40 ஜூல் வரை கொடுக்கும். எந்த வேகத்துக்கு மேல் ஆபத்து என்று எடுத்துக்கொள்வது, எத்தனை துடிப்பு பார்த்தபின் முடிவுக்கு வருவது, முதல் ஷாக் எத்தனை ஜூல் என்பதையெல்லாம் டாக்டர் சொல்வார், நாம் அமைப்போம். அமைத்தது வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

10 ஜூல் இடைவெளி என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் உச்சம் 35 என்றால், 25-லேயே வி.எஃப். அடங்குகிறதா என்று பார்ப்போம். ஏன் அந்த 10 என்று முதல் மாதத்தில் மாஸ்டரிடம் கேட்டேன். "இங்க படுத்திருக்கிறவருக்கு மயக்கம் குடுத்திருக்கு, ஆக்ஸிஜன் ஓடுது, நாம நாலு பேர் நிக்கிறோம். வீட்டுல அவருக்குக் காய்ச்சல் இருக்கலாம், வயிற்றுப்போக்குல உப்புச்சத்து இறங்கியிருக்கலாம், குப்புற விழுந்து கிடக்கலாம். அந்த நாளுக்குத்தான் இந்தப் பத்து" என்றார். பின்னாளில் இதைப் பற்றிப் படித்தவற்றில் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மாஸ்டர் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இந்தத் தொழிலுக்கு வருமுன் ரேடியோ பழுது பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, கருவி எதையும் காதால்தான் பார்ப்பார். லீட்டைப் பெட்டியில் செருகி டாக்டர் திருகை முடுக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார். டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று விட்டுக்கொடுக்கும் சத்தத்தை எண்ணுவார். மூன்று கேட்டால்தான் தலையசைப்பார். பிறகு, "டாக்டர், ஒரு இழுப்பு" என்பார். மெதுவாக இழுத்துப் பார்த்து லீட் அசையவில்லை என்றால்தான் பெட்டி தோலுக்குள் போகும். பெரிய டாக்டர்களும் அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு இழுத்துப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

அந்த இழுப்பின் அருமை எனக்கு ஒருநாள் புரிந்தது. டிஎஃப்-1 இணைப்புகளின் காலம். ஷாக் சுருள்களுக்குத் தனித்தனி முள், உணர்வதற்குத் தனி முள் என்று மூன்று முள்ளைச் செருக வேண்டும். அன்று மாஸ்டர் இல்லை, நான் மட்டும். உணர்வு எண்கள் அழகாக இருந்தன. ஷாக் பாதையின் இம்பிடன்ஸ் மட்டும் 140 ஓம் காட்டியது. வழக்கமாக 40-க்கும் 80-க்கும் நடுவில் நிற்கவேண்டியது. "புது லீட், கொஞ்சம் கூடத்தான் காட்டும்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, வி.எஃப். உண்டாக்கத் தயார் என்று டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். மணிக்கட்டில் அந்தப் பிடி இருப்பதுபோல ஓர் உணர்வு. "டாக்டர், ஒரு இழுப்பு" என்றேன். இழுத்ததும் ஒரு முள் கையோடு வந்துவிட்டது. திருகு முடுக்கப்பட்டிருந்தது. ஆனால் முள் முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்றிருந்தது. அந்த நிலையில் ஷாக் கொடுத்திருந்தால் மின்சாரம் இதயத்துக்குப் போயிருக்காது.

முள் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். துளைக்குள் அடைபட்ட காற்று முள்ளை வெளியே தள்ளும். முள்ளைச் செருகுமுன்பே ரெஞ்சின் முனையைச் சீல் வழியாகத் திருகில் நுழைத்து வைத்துக்கொண்டால், காற்றுக்கு ஒரு வழி கிடைக்கும், முள் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். துளையில் ரத்தம் இருந்தால் துடைத்துவிட்டுச் செருக வேண்டும். உள்ளே போனபின் முள்ளின் நுனி திருகு இருக்கும் கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.

வி.எஃப். உண்டாக்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது வெளி ஷாக்குக்கான பேட். உள்ளிருக்கும் பெட்டி தோற்றால் உயிரைக் காப்பது அந்த இரண்டு பேட்கள்தான். கேத்லேப்பின் ஏர்கானில் உறை பிரித்து வைத்த பேட் சீக்கிரம் காய்ந்துவிடும். வியர்வை இருந்தால் ஒட்டாது. மார்பில் ரோமம் இருந்தால் மழித்துத்தான் ஒட்ட வேண்டும். மாஸ்டர் பேட் ஒட்டியபின் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, இஸ்திரி போடுவதுபோல நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொடுப்பார். எந்த நர்ஸ் ஒட்டியிருந்தாலும் தாமே ஒருமுறை தடவுவார். பிறகு கேபிளைக் கையில் பிடித்து, பேடிலிருந்து இயந்திரம் வரை விரலாலேயே தடம் பார்ப்பார். கேபிள் கழன்று கிடந்தும் திரையில் வேறொரு ஈசிஜி கம்பி தரும் கோடு ஓடிக்கொண்டிருக்கலாம், நாம் ஏமாந்துவிடுவோம். நானும் இன்றுவரை விரலால் தடம் பார்த்துத்தான் தொடங்குகிறேன்.

உண்டாக்கும் முறையில் எனக்குப் பிடித்தது டி-ஷாக். 400 மில்லிநொடி இடைவெளியில் எட்டுத் துடிப்பு ஓட்டி, எட்டாவதன் டி அலை உச்சிக்கு வரும் நேரம் பார்த்து 1 ஜூல் அளவில் ஒரு சின்ன ஷாக். அந்த நொடியில் இதயத் தசையின் ஒரு பகுதி ஓய்வெடுத்து முடித்திருக்கும், இன்னொரு பகுதி முடித்திருக்காது. அங்கே தட்டினால் தடம் புரளும். பெட்டியில் ஆரம்ப எண்ணாக 310 அல்லது 300 மில்லிநொடி இருக்கும். புதியவர்கள் அதையே வைத்து அழுத்துவார்கள், நடக்கவில்லை என்றால் ஜூலைக் கூட்டுவார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். முதலில் திரையில் கோல் வைத்து, பேசிங் கோட்டிலிருந்து டி உச்சிக்கு எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். ஆளுக்கு ஆள் அது மாறும். கிடைக்கவில்லை என்றால் 20 மில்லிநொடி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். நேரம்தான் முக்கியம், பலம் அப்புறம்.

ஷாக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் மலைப்பார்கள். இந்த வேலையின் உண்மையான நுட்பம் அதற்கு முந்தைய ஐந்தாறு நொடிகளில் இருக்கிறது. வி.எஃப். வந்ததும் இதயத்தின் மின்குறி சுருங்கிவிடும். சாதாரணத் துடிப்பில் 10 மில்லிவோல்ட் காட்டிய இடத்தில் 2 வரும், 1 வரும், சில துடிப்பு அதற்கும் கீழே. பெட்டி அதைத் தவறவிட்டால் "ஒன்றுமில்லை" என்று நினைத்து எண்ணிக்கையைத் தளர்த்திவிடும். அதனால் வழக்கமாக 0.3 மில்லிவோல்ட் அளவில் வைக்கும் உணர்திறனை, சோதனையின்போது வேண்டுமென்றே 1.2-க்கு மந்தமாக்கி வைப்போம். காது மந்தமானபோதே கேட்டுவிட்டது என்றால், கூர்மையானபோது கட்டாயம் கேட்கும். திரையில் ஒவ்வொரு வி.எஃப். துடிப்புக்கும் கீழே ஒரு குறி விழும். நான் ஷாக்கைப் பார்ப்பதில்லை, அந்தக் குறிகளைப் பார்க்கிறேன். வரிசையில் பல் விழுந்த மாதிரி இடைவெளி இருக்கிறதா, எத்தனை பல், அடுத்தடுத்து விழுகிறதா என்று.

ஒருமுறை பத்து பகாட்டிலிருந்து வந்த ஒரு பாக்சிக்குக்கு (மலாய்ப் பெரியவருக்கு) எல்லாம் முடிந்து 25 ஜூலில் அழகாக அடங்கியது. அறையில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். டாக்டர் தையலுக்கு ஊசி கேட்டார். நான் காகிதச் சுருளை எடுத்து மறுபடி பார்த்தேன். ஓர் இடத்தில் அடுத்தடுத்து நான்கு குறி விழவில்லை. ஷாக் வேலை செய்தது உண்மை. ஆனால் கண்டுபிடிக்க மூன்று நொடி கூடுதலாக எடுத்திருந்தது. சாதாரணத் துடிப்பிலேயே அந்த லீட் 4 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. சொல்வதா வேண்டாமா? மணி மாலை ஆறு. டாக்டர் காலையிலிருந்து நின்றிருந்தார். சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, ஊசியை வைத்துவிட்டு லீட்டை வேறிடத்தில் குத்தினார். 11 மில்லிவோல்ட் வந்தது. மறுசோதனையில் ஒரு பல்லும் விழவில்லை. போகும்போது அந்தக் காகிதத்தை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தோற்ற கதையையும் சொல்லியாக வேண்டும். சிகாமட்காரர் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல், இதயம் ஊதிப் பெருத்திருந்தது. இடது பக்க ரத்தக்குழாய் அடைபட்டிருந்ததால் வலது பக்கத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். பல மாதமாக அமியோடரோன் மாத்திரை வேறு. இந்த மூன்றும் ஷாக்குக்கு எதிரானவை. வலது பக்கம் வைத்தால் மின்சாரம் பாயும் வழி கீழறைத் தசையைச் சரியாகச் சுற்றி வளைக்காது. அமியோடரோன் தேவைப்படும் ஜூலைக் கூட்டிவிடும். எனக்கு இதெல்லாம் ஏட்டில் தெரியும். 25 ஜூல் பாய்ந்தது, கிறுக்கல் அப்படியே இருந்தது. பெட்டி மறுபடி நிரம்பி 35 பாய்ந்தது. அப்போதும் அடங்கவில்லை. வெளி பேட் வழியாக 200 கொடுத்தபின்தான் திரும்பி வந்தார். அந்த அரை நிமிடத்துக்கும் மேற்பட்ட நேரத்தில் அறையில் யாரும் கத்தவில்லை. வெளி இயந்திரத்தில் நின்ற நர்ஸ் அக்கா, 35 தோற்ற மறுகணமே கேட்காமல் 200-ஐ நிரப்பியிருந்தார். நல்ல அறையின் அடையாளம் அதுதான்.

அதன்பிறகு செய்தது பொறுமையான வேலை. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். இதயம் மீண்டு, ரத்த அழுத்தம் பழைய நிலைக்கு வந்தபின்தான் அடுத்த முயற்சி. மேல் சுருளைச் சுற்றிலிருந்து விலக்கிப் பார்த்தோம். மின்முனையைத் திருப்பிப் பார்த்தோம். கடைசியில் டாக்டர் லீட்டின் நுனியை இன்னும் ஆழமாக, முனைக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். 25-இல் அடங்கியது. அன்று சோதிக்காமல் அனுப்பியிருந்தால் அவர் ஒரு வேலை செய்யாத பெட்டியை நம்பி வீட்டுக்குப் போயிருப்பார். அதற்குப் பின் பல ஆண்டுகள் சிகிச்சைக்கு வந்தார். டுரியான் காலம் வந்தால் எனக்கென்று ஒரு கூடை எடுத்து வருவார்.

என் பெரிய பிழையும் இந்த மேசையில்தான் நடந்தது. சோதனைக்காக அமைப்புகளை மாற்றும்போது பெட்டியின் கண்டறிதலை நிறுத்தி வைப்போம். முடிந்ததும் திரும்ப ஓட்டிவிட வேண்டும். ஒருநாள் முடித்து, புரோகிராமரை மூடி வைத்து, கைகழுவிவிட்டு லிஃப்ட் வரை போய்விட்டேன். லிஃப்ட் கதவு திறக்கும்போது, கடைசியாக அச்சடித்த தாளில் 'கண்டறிதல்' என்ற வரிக்கு எதிரே என்ன இருந்தது என்பது நினைவுக்கு வரவில்லை. பையைத் திறந்து தாளைப் பார்த்தேன். நிறுத்தப்பட்டிருந்தது. ஓடினேன். நோயாளி வார்டுக்குப் போகத் தள்ளுவண்டியில் தயாராக இருந்தார். புரோகிராமரின் வாண்டை நெஞ்சில் வைத்துக் கண்டறிதலை ஓட்டிவிட்டு, அங்கேயே சுவரோடு சாய்ந்து நின்றேன். மாஸ்டரிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே கடைசித் தாளை நீ படிக்காத, வேற ஒருத்தர வாசிக்கச் சொல்லு, நீ கேளு" என்றார். அதன்படியே செய்கிறேன். அறையில் யார் கையில் வேலை இல்லையோ அவரிடம் தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வேன். தன் கண் தன் தவற்றைப் பார்ப்பதில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2015-இல் லேன்செட் இதழில் வந்த சிம்பிள் ஆய்வு 2,500 பேரை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்து, பொருத்தும்போது சோதிக்கப்பட்டவர்களுக்கும் சோதிக்கப்படாதவர்களுக்கும் ஷாக்கின் வெற்றியில் பெரிய வேறுபாடில்லை என்று சொல்லியது. அதே ஆண்டில் உலக அளவிலான சங்கங்கள் சேர்ந்து, இடது பக்கத்தில் வழக்கம்போலப் பொருத்தி, எண்கள் எல்லாம் நன்றாக இருந்தால் சோதனையை விட்டுவிடலாம் என்று வழிகாட்டின. நியாயம்தான். வி.எஃப். உண்டாக்குவதிலும் ஆபத்து உண்டு. இதயத்துக்குள் ரத்தக் கட்டி இருப்பவருக்கும், மேலறை நடுக்கத்துக்குச் சரியாக ரத்தம் இளக்கும் மருந்து எடுக்காதவருக்கும் செய்யவே கூடாது. ஆகவே இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் ஓர் ஆண்டில் பார்க்கும் வி.எஃப்.-ஐ, நாங்கள் ஒரு மாதத்தில் பார்த்தோம். எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் சோதனை குறைந்ததால் எண்களைப் பார்க்கும் பொறுமையும் குறைந்துவிட்டால் அது தவறு. அந்த வழிகாட்டுதல் சொன்னது, எண்கள் நன்றாக இருப்பவர்களைப் பற்றித்தான். எண்கள் நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியது இன்றும் நாம்தான்.

பொருத்திய பிறகு வரும் சோதனை, கிளினிக் நாற்காலியில். அங்கே ஷாக் கொடுப்பதில்லை, பெட்டி சேமித்து வைத்த கோடுகளைப் படிக்கிறோம். இதில் நான் கற்ற ஒரு பாடம் தைப்பூசத்தோடு சேர்ந்தது. 31 வயது இளைஞர். பெட்டி வைத்து ஓராண்டு ஆகியிருந்தது. பால்குடம் எடுக்கும் நேர்த்திக்கடன். டாக்டர் மெதுவாக நடந்து போகலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் 170-க்கு மேல் போனால் ஆபத்து என்று அமைப்பது வழக்கம். நானும் யோசிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். உறுமி மேளம் முழங்கியதும் அவரால் சும்மா நடக்க முடியவில்லை. ஆட்டம் சூடு பிடித்த இடத்தில் நெஞ்சில் குதிரை உதைத்ததுபோல ஒரு ஷாக். குடம் கீழே விழுந்து பால் தரையில் ஓடியது. சாமி குத்தம் என்று வீட்டார் அழுதுகொண்டே அழைத்து வந்தார்கள்.

கோட்டைப் பார்த்தேன். 120, 140, 165, 178 என்று மெல்ல மெல்ல ஏறியிருந்தது. துடிப்பின் வடிவம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒன்றே. ஆபத்தான துடிப்பு இப்படிப் படிப்படியாக ஏறி வராது, பாய்ந்து வரும், வடிவமும் மாறிவிடும். ஆடியதால் வந்த வேகம், அவ்வளவுதான். நான் அவருடைய அம்மாவிடம், "சாமி குத்தம் இல்லம்மா, நான் வச்ச நம்பர்தான் தப்பு" என்றேன். 2012-இல் வந்த மேடிட்-ரிட் ஆய்வு, 200 வரை பொறுத்திருக்கும்படி அமைத்தால் தேவையற்ற ஷாக் வெகுவாகக் குறைகிறது, இறப்பும் குறைகிறது என்று காட்டியபோது, எனக்கு அந்தப் பால்தான் நினைவுக்கு வந்தது. இப்போது இளவயதுக்காரர் யாராக இருந்தாலும் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, அவருடைய சொந்த உச்ச வேகம் எவ்வளவு என்று பார்க்காமல் எண் வைக்க டாக்டரும் விடுவதில்லை, நானும் கேட்காமல் இருப்பதில்லை.

இன்னொன்று குளியலறைக் கதை. கூலாயிலிருந்து ஒரு மாக்சிக் (மலாய் அம்மா), ஒரே வாரத்தில் இரண்டு ஷாக், இரண்டும் குளிக்கும்போது. பயத்தில் குளிப்பதையே விட்டுவிட்டார். கோட்டைத் திறந்தால் நுண்ணிய சல்லடை போன்ற அதிர்வு, சீராக, இடைவெளி மாறாமல், லீட் லீடாக எல்லா வழியிலும் ஒரே நேரத்தில். நொடிக்கு 50. நம் வீட்டு மின்சாரத்தின் எண் அது. இதயம் அப்படித் துடிக்காது. "மாக்சிக், வீட்டுல வாட்டர் ஹீட்டர் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. பழையது. எர்த் கம்பி அறுந்திருந்ததை மின்சாரக்காரர் மறுநாள் கண்டுபிடித்தார். அவர் உடம்பு உணராத அளவுக்குச் சன்னமாகக் கசிந்த மின்சாரத்தை, பெட்டி வி.எஃப். என்று நினைத்திருந்தது. புதிய ஹீட்டரும் நல்ல எர்த்தும் போட்டபின் ஷாக் வரவில்லை. இப்போது முதல் நாளே எல்லோரிடமும் வாட்டர் ஹீட்டரைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். பாசிர் கூடாங் பட்டறைகளில் வெல்டிங் செய்கிறவர் என்றால் இன்னும் நீளமாகப் பேச வேண்டியிருக்கும்.

கருவியை உருவாக்கிய மிஷேல் மிரோவ்ஸ்கியைப் பற்றி மாஸ்டருக்கு ஒன்றே ஒன்று தெரியும், அதை அடிக்கடி சொல்வார். வார்சாவில் பிறந்த அந்த மருத்துவர், தமக்கு வழிகாட்டிய மூத்த டாக்டர் 1966-இல் திடீரென்று இதயம் நின்று இறந்ததைத் தாங்க முடியாமல்தான் இந்த வேலையில் இறங்கினாராம். நடக்காத காரியம் என்று பலர் சொன்னபோதும் விடாமல், 1980 பிப்ரவரியில் பால்டிமோரில் முதல் மனிதருக்குப் பொருத்தச் செய்தார். "ஒரு ஆளுக்காக ஆரம்பிச்ச வேலைடா இது" என்பார் மாஸ்டர். நமக்குப் பக்கத்திலும் அதற்கான தேவை இருந்தது. 1980-களில் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்த தாய்லாந்து இளைஞர்கள் பலர் உறக்கத்திலேயே இறந்துபோனார்கள். பேய் பிடித்தது என்றுதான் சக தொழிலாளிகள் நம்பினார்கள். அப்படிப்பட்ட சாவுகளுக்குப் பின்னால் புருகாடா போன்ற மின்கோளாறு இருப்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோளாறு உள்ளவருக்கு இந்தப் பெட்டியைப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளை நினைத்துக்கொள்கிறேன்.

ஷாக்கை நிறுத்துவதும் நம் வேலைதான். மாசாயில் ஒரு தாமான் வீடு. எண்பதைத் தொடும் தாத்தா, புற்றுநோயின் கடைசிக் கட்டம். உயிர் பிரியும் நேரத்தில் பெட்டி ஓயாமல் ஷாக் கொடுத்துவிடக் கூடாது என்று குடும்பத்தாரோடு பேசி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நான் புரோகிராமரோடு போனேன். பாட்டி கதவோரம் நின்று, "ஐயா, இதயத்தையே நிறுத்தப் போறீங்களா?" என்றார். "இல்லம்மா. துடிப்பு அதுபாட்டுக்கு இருக்கும். அடிக்கிறத மட்டும் நிறுத்துறேன், வலிக்காது" என்றேன். வாண்டை வைத்தேன். ஒரு பொத்தான். தாத்தா கண்ணைத் திறக்கவில்லை. பாட்டி எனக்குத் தேநீர் கொடுத்தார். நான்காம் நாள் தாத்தா காலமானார். தகனத்துக்கு முன், பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்று நினைவுபடுத்தத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்காமல் சூளைக்குள் அனுப்பினால் பேட்டரி வெடிக்கும். நம்மவர்களில் எரிப்பதே வழக்கம் என்பதால், இதைப் பெட்டி வைக்கும் நாளிலேயே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவைக்க வேண்டும். சொல்லத் தயங்காதீர்கள்.

போன வாரம் தோலுக்கடியிலேயே லீட் ஓடும் எஸ்-ஐசிடி ஒன்று. இதில் லீட் இதயத்தைத் தொடுவதில்லை, நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் நிற்கும். அதனால் இதற்குச் சோதனை இன்றும் வழக்கமாக உண்டு. 65 ஜூலில் அடங்குகிறதா என்று பார்ப்போம், நிஜத்தில் அது 80 கொடுக்கும். உண்டாக்குவது 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தால். கண்டுபிடித்து நிரம்பிப் பாயச் சாதாரணப் பெட்டியைவிட நேரமும் கூடுதல், பதினாலு பதினைந்து நொடிகூட ஆகும். என்னோடு ஆறு மாதமாகக் கற்கும் ஒரு மலாய்ப் பெண்தான் அன்று புரோகிராமரில். அவளுக்கு இதுதான் முதல் வி.எஃப்.

பேட்களை அவளே உள்ளங்கையால் தடவினாள். கேபிளை விரலால் தடம் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். அழுத்தினாள். கோடு கிறுக்கலானது. ரத்த அழுத்தம் இறங்கியது. அவள் வலது கை மேசையிலிருந்து எழும்பியது. நான் பிடிக்கத் தயாராக இருந்தேன். அவள் தானே கையை இறக்கித் தொடையில் வைத்துக்கொண்டு மலாயில் எண்ணத் தொடங்கினாள். சத்து, டுவா, தீகா. குரல் முதலில் நடுங்கியது, லீமாவுக்குப் (ஐந்துக்குப்) பிறகு சீரானது. ஸெபுலோ (பத்து) தாண்டியது. எம்பாட் பெலாஸ் (பதினாலு) என்றபோது ஷாக் பாய்ந்தது.

முதல் துடிப்பு வந்தது. இரண்டாவது வந்தது. டாக்டர் நூலுக்குக் கை நீட்டினார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அச்சுத் தாளை உருவி, என் பக்கம் நீட்டினாள்.

"கடைசி வரியை வாசிங்க அங்கிள், நான் கேட்கிறேன்."